கேட் கத்தியபோது சிரித்தவள்

மாநாட்டுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் கையை விரித்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அரங்கத்துக் கூரை ஒழுகுகிறதாம். எப்போது சரியாகும் என்று அவர்களுக்கே தெரியாதாம். அக்கா போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்தாள் என்று அவள் கணவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

வீட்டில் மட்டுமல்ல, நூலக வட்டாரத்திலும் அவள் பெயர் அக்காதான். கல்லூரி நூலகம் ஒன்றின் கணினிப் பிரிவு அவள் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு முறை என்று இடம் மாறி நடக்கும் நூலகத் தொழில்நுட்ப மாநாட்டை ஆரம்பித்த நாலைந்து பேரில் ஒருத்தி. மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருக்க, இவள் மட்டும் இன்னும் அரங்கம் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒரு வருடம் நின்றால் அப்புறம் எழுந்திருக்காது என்பது அவள் பயம்.

அந்த மாநாட்டுக்கு ஒரு விதி உண்டு. இடம் தருபவர் ஒருவர். செலவை ஏற்பவர் இன்னொருவர். இரண்டும் ஒரே கையில் இருந்தால் மாநாடு அந்தக் கைக்காரரின் கடையாகிவிடும். ஒரு தடவை அப்படித்தான் ஆனது. ஆராய்ச்சி கேட்க வந்தவர்கள் விளம்பரம் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அக்காவே எழுதிச் சேர்த்த விதி இது.

செலவை ஏற்க இந்தத் தடவை கிடைத்தவன் அவளுடைய தம்பி.

வீட்டில் அவன் பெயர் ரிப்பேர். சின்ன வயதில் அவன் கை பட்டதெல்லாம் ரிப்பேர் ஆனதால் வந்த பெயர். இப்போது ரிப்பேரானது அவன் கை பட்டால் ஓடுகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நூலக வாசல்களில் இரண்டு தூண் மாதிரி நிற்குமே, பதிவு செய்யாமல் புத்தகத்தை எடுத்துப் போனால் கத்துமே, அந்த கேட்டைச் செய்கிற சின்ன கம்பெனி அவனுடையது. புது வேன் வாங்க வைத்திருந்த பணத்தை மாநாட்டுக்குத் தருவதாகச் சொன்னான். ஒரே ஒரு நிபந்தனை.

"உன் தம்பின்னு யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா. அக்கா தயவுல பேனர்ல ஏறிட்டான்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

குழுத் தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அக்கா அவனை மாநாட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பில் சேர்த்தாள். அங்கே அவன் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டான். அதைப் படித்துப் படித்து இரண்டு குடும்பமும் சிரித்தது.

இனி இடம் ஒன்றுதான் பாக்கி.

*

"கிளட்ச்ச அப்படி மிதிக்காதே. அது என்ன உன் எதிரியா?"

அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவர் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தயாராக வைத்திருப்பார்.

"நீங்க கொஞ்சம் வாய மூடிட்டு வாங்க. நானே படபடன்னு இருக்கேன்."

"யாரப் பாக்கப் போற? உன் ரூம்மேட்டத்தானே? ரெண்டு பேரும் ஒரே பக்கெட்ல துணி துவைச்சவங்க. அரங்கம் என்ன, கல்லூரியையே எழுதிக் குடுப்பா."

"படிச்சப்ப ரூம்மேட். இப்ப தலைமை நூலகர். அவ ரூமுக்கு வெளியில ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க."

"இருக்கட்டுமே. உள்ள உக்காந்திருக்கிறது குள்ளிதானே?"

அக்கா சிரித்துவிட்டாள். விடுதியில் அவள் நெட்டை, அவள் தோழி குள்ளி. குள்ளி கூப்பிட்டால் நெட்டை போய் மேல் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துத் தருவாள். நெட்டை அழுதால் குள்ளி தன் கட்டிலிலிருந்து குதித்து வருவாள்.

கல்லூரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, காரை நிழலில் நிறுத்தக் கணவர் போனார்.

*

பெரிய நூலகம். கண்ணாடிக் கதவு, அதைத் தாண்டினால் கேட். கேட்டை ஒட்டிப் புதிதாக வந்த புத்தகங்களுக்கு ஒரு ஸ்டீல் ரேக். ஆள் உயரத்துக்குப் பளபளவென்று நின்றது. அடையாள அட்டையைத் தேட அக்கா தன் கைப்பையை அந்த ரேக்கின் மேல்தட்டில் வைத்துத் துழாவினாள். எடுத்துக் காவலாளியிடம் காட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கேட் கத்தியது.

கையில் புத்தகம் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் திகைத்து நின்றாள். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பழகிப்போன நாய் குரைத்த மாதிரி விட்டுவிட்டார்கள்.

"வாடி நெட்டை! எங்க கேட் வரவேற்பு எப்படி?"

குள்ளி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. குதித்து வரும் நடை அப்படியே இருந்தது. "பயப்படாதே. அது எல்லாரையும் பார்த்துக் கத்தும். போன மாசம் எங்க கல்லூரி முதல்வரப் பார்த்துக் கத்திச்சு. அன்னைக்கு மட்டும் பசங்க கை தட்டினாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதற்றத்தில் இருக்கிறவர்களுக்கு வருகிற சிரிப்பு அது. வாய் விட்டுச் சிரித்தாள். குள்ளியும் சேர்ந்துகொண்டாள். பழைய விடுதி வராந்தாவில் சிரித்த மாதிரி இருவரும் கேட்டுக்கு நடுவில் நின்று சிரித்தார்கள்.

சிரிக்கும்போதே அக்காவின் கண், தூணின் அடியில் ஒட்டியிருந்த சின்ன நீல ஸ்டிக்கரில் பட்டது. தம்பியின் கம்பெனி.

சிரிப்பை நிறுத்த அவளுக்கு நேரம் இருந்தது. நிறுத்தவில்லை. குள்ளி அவள் தோளில் கை போட்டு அழைத்துப் போனாள்.

*

அறையில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. குள்ளி எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அரங்கம் தர்றேன். பக்கத்து ரெண்டு கருத்தரங்க அறையும் எடுத்துக்கோ. வெளியூர்க்காரங்களுக்கு விடுதி காலியா இருக்கு. முதல்வர்கிட்ட நேத்தே பேசிட்டேன். போதுமா?"

"குள்ளி..."

"அழுதேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன். சரி, செலவுக்கு யாரு?"

அக்கா கம்பெனியின் பெயரைச் சொன்னாள்.

குள்ளி கோப்பையைக் கீழே வைத்தாள். "விளையாடாதே."

"ஏன்?"

"இப்ப உன்னப் பார்த்துக் கத்திச்சே, அது அவங்க கேட்டுதான். அந்த ஆளு மாட்டிட்டுப் போனதிலிருந்து இதே பாடு. கூப்பிட்டா வருவான், பார்ப்பான், ஏதோ சொல்லிட்டுப் போவான். மறுநாள் திரும்பக் கத்தும். இப்ப நானே கூப்பிடறத விட்டுட்டேன். அவன் பேர எங்க வாசல்லயே பேனரா கட்டினா எங்க பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. முதல்வர் ஒத்துக்கவே மாட்டார்."

'அவன் என் தம்பி' என்பது அக்காவின் வாய்வரை வந்தது. கூடவே அவன் போட்ட நிபந்தனையும் ஞாபகம் வந்தது. சொல்லாமலிருக்க அதைவிட வசதியான காரணம் ஒன்று கிடைக்குமா? அவள் பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள்.

"அவ்வளவு மோசமா?" என்றாள்.

"நீயே பார்த்தியே. சிரிச்சியே!"

ஜன்னலுக்கு வெளியே அரங்கம் தெரிந்தது. அகலமான படிகள், நல்ல நிழல். எத்தனை கல்லூரிப் படி ஏறி இறங்கியாகிவிட்டது! இதை விட்டால் வேறு இடம் இல்லை.

"வேற யாரும் இல்லையே, குள்ளி."

"யாரு சொன்னா?" குள்ளி சந்தையிலேயே பெரிய நூலகச் சாதனக் கம்பெனி ஒன்றின் பெயரைச் சொன்னாள். "அவங்க மேனேஜர் வாரத்துக்கு ஒரு தடவை என் வாசல்ல நிக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தச் சின்னக் கம்பெனிக்கு நீ நாசூக்கா சொல்லிடு. சரியா?"

அக்கா தலையாட்டினாள்.

சரி என்றுகூடச் சொல்லவில்லை, வெறும் தலையாட்டல்தான். குள்ளிக்கு அது போதுமாக இருந்தது. அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டாள், சிரித்தாள், முடித்தாள். "என்னையும் உங்க வாட்ஸ்அப்புல சேர்த்து விடு. நானே அறிவிச்சிடறேன். நீ சொன்னா ஒரு பக்கத்துக்குச் சொல்லுவே."

அக்கா சேர்த்துவிட்டாள். குள்ளியின் கட்டைவிரல்கள் ஓடின. மாநாடு எங்கள் கல்லூரியில். செலவை ஏற்பது இன்னார். அடுத்த நிமிடமே கைதட்டல்களும் பூங்கொத்துகளும் குவிந்தன. குழுத் தலைவர், "அக்காவால் முடியாதது உண்டா!" என்று எழுதினார்.

குள்ளி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். வெளியே போகும்போதும் கேட் கத்தியது. இந்தத் தடவை அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் வண்டியை எடுத்தாள். போகப் போகச் சொன்னாள். கணவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது அவர் வழக்கமே இல்லை.

"அவன்கிட்ட என்னன்னு சொல்லப் போற?"

"கேட் சரியில்லன்னுதான் சொல்லணும். என் கண்ணு முன்னாடிதானே கத்திச்சு? என் கையில ஒண்ணுமே இல்ல. அட்டைய எடுத்துக்கிட்டு, பைய ரேக் மேல..."

கார் நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை.

"நான் போடல," என்றார் கணவர். "நீதான் பிரேக் போட்டே."

"ரேக்குங்க."

"என்ன ரேக்கு?"

"ஸ்டீல் ரேக்கு. கேட்டோட ஒட்டி வச்சிருக்காங்க. பக்கத்துல அவ்வளவு இரும்பு இருந்தா அது கத்தத்தான் செய்யும். புத்தகம் எது, இரும்பு எதுன்னு அதுக்குக் குழம்பிடும். எங்க லைப்ரரியில மாட்டினப்பவே சொன்னான், ஒரு ஆள் கைய கால நீட்டிப் படுக்கிற தூரத்துக்கு இரும்பே இருக்கக் கூடாதுன்னு. எங்க ஆளுங்க ஒரு நாற்காலி போட்டாக்கூட நான் சண்டை போட்டு எடுக்க வைக்கிறேன்." பின்சீட்டிலிருந்த பையைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த ரேக்கு மேலதாங்க நான் பைய வச்சேன்."

கணவர் எட்டி எமர்ஜென்சி விளக்கைப் போட்டார்.

"திரும்பிப் போயிடலாமா? வண்டிய நான் திருப்பறேன்."

இப்போது திரும்பினால் எல்லாம் சரியாகியிருக்கும். குள்ளி திட்டியிருப்பாள், சிரித்திருப்பாள், ரேக்கைத் தள்ளச் சொல்லியிருப்பாள். ஆனால் அக்காவின் கண்ணில் அந்த அகலமான படிகள்தான் நின்றன. இந்நேரம் மேனேஜர் முதல்வருக்கு நன்றி சொல்லியிருப்பார். இப்போது போய் அதை மாற்றினால் அரங்கமும் போய்விட்டால்?

"வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்," என்றாள்.

அப்போதுதான் போன் கிணுகிணுத்தது. கைதட்டல்களுக்கும் பூங்கொத்துகளுக்கும் கீழே ஒரு புதிய வரி வந்திருந்தது.

'மிக்க மகிழ்ச்சி மேடம். வாழ்த்துகள்.'

தம்பி.

குள்ளியை அந்த வாட்ஸ்அப்பில் சேர்க்கும்போது, அவனும் அங்கே இருக்கிறான் என்பதே அவளுக்கு நினைவில்லை. போன வாரம் தன் கையால் சேர்த்தவன்.

"வீட்டுக்கு வேண்டாம்," என்றாள். "அவன் பட்டறைக்குப் போகலாம்."

*

தம்பியின் பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை வாசலில் சோதனைக்கு எப்போதும் ஒரு கேட் நிற்கும். விருந்தாளியோ தண்ணீர் கேன் போடுபவரோ, அதன் வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். "எங்க வீட்டுல இருந்து யாரும் புத்தகம் திருட முடியாது. ஆனா புத்தகமே கிடையாது," என்று தம்பி மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள்தான் முதலில் பார்த்தாள். குழுவில் வந்த செய்தி அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"வாங்க அண்ணி! வாங்கண்ணா! சரியான நேரத்துக்கு வந்தீங்க. இதப் பாருங்க முதல்ல."

மேசை மேல் கழுத்தில் மாட்டும் அட்டைகள் பரப்பியிருந்தன. உள்ளே அவனே பொருத்திய சிப். வாசலில் ஒரு பெட்டியைத் தொட்டால் வருகை பதிவாகிவிடும். வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டாம். போன வருட மாநாட்டில் அந்த வரிசையில் நின்று நின்று அக்காவின் கால் வீங்கியதை அவன் பார்த்திருக்கிறான்.

"முதல் அட்டை உங்களுக்குத்தான் அண்ணி. ரெண்டு நாளா இதே வேலை. சாப்பிடக் கூப்பிட்டா 'அக்கா நிக்கக் கூடாது, அக்கா நிக்கக் கூடாது'ன்னு ஜபம் பண்றார்."

அக்கா அந்த அட்டையைக் கையில் வாங்கினாள். 'அமைப்பாளர்' என்று இருந்தது.

உள்ளே தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"நீ மேல போய் மாமாவுக்கு டீ போடு," என்றான் மனைவியிடம். கணவர் புரிந்துகொண்டு, "வாம்மா, நான் சர்க்கரை எடுத்துக் குடுக்கறேன்," என்று அவளோடு மாடிக்குப் போனார்.

"நல்ல அரங்கம்க்கா அது," என்றான் தம்பி. "கேட் மாட்டப் போனப்ப பார்த்திருக்கேன்."

"கோபமா திட்டேண்டா. இப்படிப் பேசாதே."

"எதுக்குத் திட்டணும்? இடம் வேணும்னா அவங்க சொல்றதக் கேக்கணும். எனக்கும் வேன் கிடைச்சிரும்." பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தான். "அந்த ரேக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு தடவை ஒரு பையனக் கூட சேத்துக்கிட்டு நானே தள்ளி வச்சிட்டு வந்தேன். அப்புறம் அது ஒரு வாரம் கத்தவே இல்ல. வர்றவங்க கண்ணுல புதுப் புத்தகம் படணும்னு முதல்வர் திரும்ப அங்கேயே வைக்கச் சொல்லிட்டாராம். சொல்லிப் பார்த்தேன். உங்க கேட்டு நொண்டி, அதுக்கு எங்க ரேக்கக் குறை சொல்றீங்களான்னாங்க. அதோட விட்டுட்டேன்." இப்போதுதான் திரும்பினான். "நீ உள்ள போனப்ப கத்திச்சா?"

"ம்."

"நீ என்ன பண்ணினே?"

ரேக்கைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அவசரம், பதற்றம், உன் நிபந்தனை என்று எத்தனையோ சொல்லலாம். ஆனால் இந்த ஒருவனிடம் அவள் பொய் சொன்னதில்லை.

"சிரிச்சேன்," என்றாள்.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினான். குள்ளியின் அறையில் அவள் ஆட்டினாளே, அதே மாதிரி.

கையிலிருந்த போன் அடித்தது. குள்ளி. அக்கா எடுத்தாள். பட்டறையின் அமைதியில் குள்ளியின் குரல் ஸ்பீக்கரே இல்லாமல் கேட்டது.

"ஏய் நெட்டை, ஒரு நல்ல சேதி! நம்ம ஸ்பான்சர் புது கேட்டையே இலவசமா மாட்டித் தர்றாங்களாம். மாநாட்டுக்கு வர்ற அத்தனை பேரும் நூலகத்தச் சுத்திப் பார்க்க அது வழியாத்தான் வருவாங்க, பக்கத்துலயே அவங்க ஸ்டால். பழசக் கழட்ட நாளைக்கு காலையில ஆள் வர்றாங்க. நீயும் வந்தேன்னா ஸ்டாலுக்கு இடம் பார்த்துடலாம்."

கைக்காரரின் கடை. அக்கா தன் கையால் எழுதிய விதி எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கழட்ட வேண்டாம், குள்ளி."

"என்னது?"

"கேட்டுல ஒண்ணும் இல்ல. அந்த ஸ்டீல் ரேக்கு பண்ற வேலை அது. நாளைக்கு நான் வந்து காட்டறேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதே." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதைச் செஞ்சது என் தம்பி."

குள்ளியின் குரல் இறங்கி வந்தது.

"ரிப்பேரா? விடுதிக்கு வந்து நம்ம டேபிள் ஃபேன சரி பண்ணிக் குடுத்தானே, அந்தப் பையனா?"

"அவன்தான்."

"காலையில என் முன்னாடிதானே உக்காந்திருந்தே. ஏண்டி சொல்லல?"

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குள்ளி, "நாளைக்கு சீக்கிரம் வா. மேனேஜரும் வருவார்," என்று வைத்துவிட்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "கேட்டியா? நீயும் வா. ரெண்டு பேருமா போகலாம். நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவன் மேசையிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பெட்டியில் போட்டான். அவள் கையிலிருந்ததை மட்டும் கேட்கவில்லை.

"ரேக்கத் தள்ள ரெண்டு பேர் வேணும். மாமாவக் கூட்டிட்டுப் போ."

"டேய்..."

"நான் வரலக்கா."

கத்தவில்லை, முறைக்கவில்லை. மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி சொன்னான். மேலே தம்பி மனைவி எதற்கோ கலகலவென்று சிரிப்பது கேட்டது. கணவர் பாவம், ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார்.

அக்கா வாசலுக்கு நடந்தாள். அட்டையைக் கழுத்தில் மாட்ட மனம் வரவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கைக்குள் மடக்கிப் பிடித்தபடி சோதனை கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவே ஒரு நொடி நின்றாள். ஒரு தடவையாவது அது கத்தித் தொலையாதா என்றிருந்தது அவளுக்கு.

பக்கத்தில் இரும்பே இல்லை. தம்பி செய்த கேட் அது. சத்தமே போடாமல் அவளை வெளியே விட்டது.